‘ஒண்ணு’ என்றால் எவ்வளவு? மது பற்றிய சமூக ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

என் முதல் வினாத்தாளின் முதல் கேள்வி இது: “ஒரு நாளில் எவ்வளவு குடிப்பீர்கள்?” எதிரே இருந்தவர் யோசிக்காமல் “ஒண்ணு” என்றார். நானும் கட்டத்தில் 1 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரி கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஒன்று என்றால் ஒரு கிளாஸா, ஒரு பாட்டிலா, ஒரு தடவையா? கிளாஸ் என்றால் எந்தக் கிளாஸ்? அதில் இருந்தது பீரா, விஸ்கியா? அந்த வாரம் நிரப்பிய தாள்கள் அத்தனையும் வீண்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் கையில் பதிலோடு வருகிறார்கள். குடி கெடுதல், அதை எண்களைக் காட்டி நிரூபித்துவிட வேண்டும். அந்த ஆதங்கம் புரிகிறது. அதன் பின்னால் பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவரின் முகம் இருக்கும். ஆனால் ஆய்வுக்குத் தேவை ஒரு கேள்வி. அதைச் சரியாகக் கேட்கப் பழகுவதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. சமூகவியல், மானுடவியல், பொருளாதாரம், பொதுச் சுகாதாரம் என்று எந்த வாசல் வழியாக வந்தாலும் முதல் ஆய்வில் என்ன வரிசையில் போகலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ‘பிரச்சினை’யைப் பிரித்துப் போடுங்கள்

“குடிப்பழக்கமும் சமூகமும்” என்பது ஆய்வுத் தலைப்பு அல்ல, நூலக அலமாரியின் பெயர். அதற்குள் குறைந்தது நாலு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. யார் குடிக்கிறார்கள், யார் குடிப்பதில்லை? குடிப்பவர்கள் மொத்தத்தில் எவ்வளவு குடிக்கிறார்கள்? எப்படிக் குடிக்கிறார்கள், தினமும் கொஞ்சமாகவா, அல்லது ஒரே ராத்திரியில் ஒட்டுமொத்தமாகவா? அதனால் யாருக்கு என்ன கெடுதல்? வாரத்துக்கு ஏழு கிளாஸ் என்று இரண்டு பேர் சொல்லலாம். ஒருவர் நாளுக்கு ஒன்று குடிக்கிறார், இன்னொருவர் ஏழையும் சனிக்கிழமையே முடித்துவிட்டு வண்டியை எடுக்கிறார். வாராந்தர அளவு மட்டும் கேட்ட ஆய்வில் இந்த இருவரும் ஒரே ஆள்.

கெடுதல் என்றதும் நம் மனம் நேராகக் குடிக்கு அடிமையானவரிடம் போகிறது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் தடுப்பு மருத்துவத்தில் சொன்ன ஒரு முரணை, நார்மன் கிரைட்மன் என்ற ஆய்வாளர் 1986-ல் மதுவுக்குப் பொருத்திக் காட்டினார். மிக அதிகமாகக் குடிப்பவருக்குத் தனிப்பட்ட ஆபத்து அதிகம்தான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு. எப்போதாவது அளவு மீறும் சாதாரண ஆட்கள் ஏராளம். ஆகவே விபத்து, கைகலப்பு, வேலைக்கு மட்டம் போடுவது போன்றவற்றை ஊர் முழுக்கக் கூட்டினால், அதில் பெரும் பங்கு இந்தச் சாதாரண ஆட்களிடமிருந்து வரக்கூடும். கல்லீரல் சுருக்கம் போல ஆண்டுக்கணக்கில் சேரும் நோய்களுக்கு இது அப்படியே பொருந்தாது. எந்தக் கெடுதலைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்தான் பல நேரம் அதிகம் பாதிக்கப்பட்டிருப்பார். தூக்கம் கெட்ட பக்கத்து வீட்டுக்காரர், அடி வாங்கிய மனைவி, மோதப்பட்ட பாதசாரி. குடிப்பவர்களிடம் மட்டும் கேட்டால் இவர்கள் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2008-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, “மற்றவர்கள் குடித்ததால் உங்களுக்கு என்ன நேர்ந்தது?” என்று பொதுமக்களிடம் கேட்டது. அதற்குப் பிறகு பல நாடுகள் அந்த வழியில் போயிருக்கின்றன. சின்ன ஆய்வு செய்கிற ஒரு மாணவர்கூட இதை எடுத்துச் செய்யலாம்.

போதைமேல் பழி போடும் முன்

அளவெடுக்கும் அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் இடம் இது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

1950-களில் டுவைட் ஹீத் என்ற மானுடவியலாளர் கிழக்கு பொலிவியாவில் கம்பா மக்களோடு தங்கியிருந்தார். அவர்கள் விழாக்களில் குடித்தது கரும்பிலிருந்து வடித்த சரக்கு. அதில் ஆல்கஹால் ஏறத்தாழ 89 சதவீதம். சுயநினைவு தப்பும் வரைகூடக் குடித்தார்கள். ஆனாலும் சண்டையோ, அத்துமீறலோ, குடிக்கு அடிமையாகும் நிலையோ அவர் கண்ணில் படவில்லை. 1969-ல் கிரெய்க் மெக்ஆண்ட்ரூவும் ராபர்ட் எட்கர்டனும் இப்படிப் பல சமூகங்களின் சான்றுகளைத் திரட்டி ஒன்று சொன்னார்கள்: நாக்குக் குழறுவதும் கால் பின்னுவதும் ஆல்கஹாலின் வேலை, குடித்தவர் சண்டை போடுவதா, அழுவதா, பாடுவதா என்பது பெருமளவுக்கு அவர் தன் சமூகத்திடம் கற்றுக்கொண்டது. குடித்துவிட்டால் மன்னிப்பு உண்டு என்று ஓர் ஊர் வைத்திருந்தால் அந்த மன்னிப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆட்களும் அங்கே இருப்பார்கள்.

இந்த வாதத்துக்கு மறுப்புகளும் உண்டு. குடி வன்முறையைக் கூட்டுகிறது என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் களத்துக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் நேர்காணல்களில் ஒரு கேள்வி கூடும்: “குடித்திருக்கும்போது செய்ததை இங்கே எப்படி எடுத்துக்கொள்வார்கள்?” எனக்குக் கிடைத்த நல்ல பதில்களில் பாதி இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை.

யாரிடம் கேட்பது

எளிதாகக் கிடைப்பவர்கள் சிகிச்சை மையத்தில் இருப்பவர்கள். ஆபத்தும் அங்கேதான். குடிநோய் ஆய்வாளர் எல்வின் ஜெல்லினெக்கின் கதையைக் கேளுங்கள். ‘பெயர் தெரியா குடிநோயாளிகள்’ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பின் இதழ் 1945-ல் தன் வாசகர்களுக்கு ஒரு வினாத்தாள் வெளியிட்டது. வந்ததில் 98 ஆண்களின் தாள்களை வைத்து ஜெல்லினெக் 1946-ல் ஒரு பகுப்பாய்வு எழுதினார். பெண்களின் தாள்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆண்களின் போக்கிலிருந்து மாறுபட்டும் இருந்தன, அவற்றை ஒதுக்கிவிட்டார். குடிநோய் படிப்படியாக இப்படித்தான் முற்றும் என்று உலகம் முழுக்கச் சுவர்ப்படங்களில் தொங்கிய சித்திரத்துக்கு இதுதான் விதை. அந்தத் தரவின் குறைகளை ஜெல்லினெக்கே எழுதி வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எச்சரிக்கைக் குறிப்பு எப்போதும் படத்தைவிட மெதுவாகத்தான் பயணிக்கும்.

சிகிச்சைக்கு வருபவர்கள் மிக மோசமான நிலையை எட்டியவர்கள், அல்லது யாரோ பிடித்துக் கொண்டுவந்து விட்டவர்கள். தாங்களாகவே குறைத்துக்கொண்டவர்களும் சிகிச்சை இல்லாமல் நிறுத்தியவர்களும் அங்கே இருக்க மாட்டார்கள். வீடு வீடாகப் போனால் எதிர்த்திசைக் குறை வரும். விடுதி, சிறை, மருத்துவமனை, தெருவோரம் என்று வாழ்பவர்கள் விட்டுப்போவார்கள். அதிகம் குடிப்பவர்கள் நீங்கள் கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் சரி, யார் விட்டுப்போனார்கள் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

‘ஒண்ணு’ என்பதைக் கிராமாக மாற்றுதல்

இப்போது என் பாழாய்ப்போன கேள்விக்கு வருவோம். பானங்களை ஒப்பிட ஒரே வழி, அதிலுள்ள தூய ஆல்கஹாலைக் கிராமில் சொல்வது. கணக்கு எளிது: மில்லி அளவை, பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்து, அதை 0.789-ஆல் பெருக்குங்கள். இந்தக் கடைசி எண் ஆல்கஹாலின் அடர்த்தி. 330 மில்லி, 5 சதவீத பீர் என்றால் 16.5 மில்லி ஆல்கஹால், அதாவது சுமார் 13 கிராம். 150 மில்லி, 12 சதவீத ஒயின் என்றால் சுமார் 14 கிராம்.

‘நிலையான ஒரு பானம்’ என்ற அளவு நாட்டுக்கு நாடு மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 14 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, பிரிட்டனின் ஒரு யூனிட் 8. ஒரு கட்டுரையில் “நாலு பானம்” என்று படித்தால், எந்த நாட்டு நாலு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

களத்தில் இந்தக் கணக்கை மக்களிடம் செய்யச் சொல்லாதீர்கள். அது உங்கள் வேலை. அவர்கள் பயன்படுத்தும் கிளாஸ், டம்ளர், பாட்டில் ஆகியவற்றின் படங்களைக் கொண்டுபோங்கள். முடிந்தால் பாத்திரங்களையே கொண்டுபோய், தண்ணீரை ஊற்றிக் காட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். வீட்டில் ஊற்றும் ‘ஒரு பெக்’ பெரும்பாலும் பாடநூல் பெக்கைவிடப் பெரியது என்பதை நேரிலேயே பார்ப்பீர்கள்.

எப்படிக் கேட்பது

பொதுவாக எத்தனை நாள் குடிப்பீர்கள், குடிக்கும் நாளில் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுப் பெருக்குவது பழைய முறை. சீக்கிரம் முடியும், ஆனால் எப்போதாவது வரும் பெரிய ராத்திரிகள் ‘பொதுவாக’ என்ற சொல்லுக்குள் காணாமல் போய்விடும். அதற்கு மாற்றாக மேலிருந்து கீழே இறங்கலாம்: கடந்த 12 மாதங்களில் ஒரே நாளில் 12 பானமோ அதற்கு மேலோ குடித்தது எத்தனை நாள், 8 முதல் 11 வரை எத்தனை நாள், 5 முதல் 7 வரை என்று. பெரிய எண்ணிலிருந்து தொடங்குவதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. 12 என்பதையே சாதாரணமாகக் கேட்கும் ஆளிடம் 6 என்று சொல்ல யாருக்கும் கூச்சம் வராது.

லிண்டா சோபெல், மார்க் சோபெல் தம்பதி உருவாக்கிய நாள்காட்டி முறை என் கைக்கு மிகவும் ஒத்துவந்தது. நாள்காட்டியை முன்னால் விரித்து, விசேஷம், சம்பள நாள், பயணம், காய்ச்சல் என்று நினைவில் நிற்பவற்றை முதலில் குறித்துவிட்டு, அவற்றைச் சுற்றி ஒவ்வொரு நாளாக நிரப்ப வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் “ஞாபகம் இல்லைங்க” என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரத்தில் ஒரு மாதத்தையே சொல்லி முடிப்பதைப் பார்க்கலாம்.

பானத்தின் வகையைத் தனித்தனியாகக் கேட்டால் மொத்தம் கூடும். தானே நிரப்பும் தாளில், எதிரில் ஆள் உட்கார்ந்து கேட்பதைவிட அதிகமாக ஒப்புக்கொள்வார்கள். இவ்வளவு செய்தும், பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் மக்கள் சொன்னதைக் கூட்டினால் அது விற்பனைக் கணக்கில் 40 முதல் 60 சதவீதம்தான் வரும். கேட்டவுடன் எல்லோரும் பொய்யைத்தான் சந்தேகிப்பார்கள். மறதியும், பெரிய கிளாஸும், வலைக்குள் வராத பெருங்குடியர்களும் சேர்ந்தே இந்தப் பள்ளத்தை உண்டாக்குகின்றன. ஆகவே உங்கள் ஆய்வில் வரும் மொத்த அளவை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பிரிவினரை இன்னொரு பிரிவினரோடு ஒப்பிடத்தான் அது அதிகம் பயன்படும்.

அளவுகோல்களைக் கடன் வாங்கும்போது

பிரச்சினையை அளக்கப் புதிதாகக் கேள்விகள் எழுதத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக உருவாகி 1993-ல் வெளிவந்த ‘ஆடிட்’ வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 40 வரை. முதல் மூன்று அளவைப் பற்றியவை, அடுத்த மூன்று அடிமைத்தனத்தின் அறிகுறிகள், கடைசி நான்கு கெடுதல்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய ஆள். நேரம் இல்லாதவர்கள் முதல் மூன்றை மட்டும் கேட்பதும் உண்டு. ‘கேஜ்’ என்பது இன்னும் சின்னது, நாலே கேள்வி. ஆனால் அது வாழ்நாள் முழுதையும் சேர்த்துக் கேட்கிறது. பத்து வருடம் முன்பு நிறுத்தியவரும் அதில் மாட்டுவார்.

இவை ஆளைச் சலித்தெடுக்கும் கருவிகள், நோய்க்கணிப்பு அல்ல. டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க உளநோய்க் கையேடு (2013) 11 அறிகுறிகளைச் சொல்லி, 12 மாதத்துக்குள் இரண்டு இருந்தாலே மதுப் பயன்பாட்டுக் கோளாறு என்கிறது. உங்கள் தாளில் ஒருவர் 9 வாங்கினால் “இவர் குடிநோயாளி” என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

மொழிபெயர்ப்பு தனிக் கதை. கேஜின் நாலாவது கேள்விக்கான ஆங்கிலச் சொல் ‘கண்ணைத் திறப்பது’ என்ற பொருள் தரும். அதை அப்படியே தமிழாக்கிய ஒரு தாளைப் பார்த்திருக்கிறேன். பதில் சொன்னவர்கள் அறிவுக்கண்ணைப் பற்றிப் பேசினார்கள். கேட்க வேண்டியது இதுதான்: காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்க, உடம்பு ஒரு நிலைக்கு வர, முதல் வேலையாகக் குடித்ததுண்டா? மொழிபெயர்த்ததை மூலம் தெரியாத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மூல மொழிக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் ஐந்தாறு பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, “இதை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?” என்று கேளுங்கள். ஆடிட்டின் மூன்றாவது கேள்வி ஒரே சமயத்தில் ஆறு பானம் என்கிறது. உங்கள் இடத்தின் பான அளவு வேறாக இருந்தால் அந்த ஆறையும் சரிசெய்ய வேண்டும்.

களத்தில்

ஒருமுறை கணவரிடம் அளவு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ரெண்டு என்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது: “சார், நாலுன்னு எழுதுங்க.” அப்போது சிரித்துவிட்டோம். நான் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது வண்டியில் வரும்போதுதான் தோன்றியது. மதுவும் வன்முறையும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதால், தனியாகப் பேச இடம் கிடைக்காவிட்டால் நேர்காணலைத் தள்ளிப்போடுங்கள். மனைவியிடம் பேசப் போகும்போது, ஆய்வின் பெயரை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘குடும்ப நலம்’ என்ற பொதுப் பெயரில் அறிமுகம் செய்வது வழக்கம். உள்ளே போய்த் தனிமை கிடைத்த பிறகு அவரிடம் முழு விவரத்தையும் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அறநெறிக் குழுவிடம் இதை முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போதையில் இருப்பவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கினால் அது ஒப்புதல் ஆகாது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அப்புறம், அறிவுரை சொல்லாதீர்கள். இது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயம் இல்லை. தினமும் மிக அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் கடுமையான மனக்குழப்பமும் வரலாம்; உயிருக்கே ஆபத்து. “நாளையிலிருந்தே விட்டுடுங்கண்ணா” என்று நல்லெண்ணத்தில் சொல்லும் களப்பணியாளர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர், உதவி மையம் ஆகியவற்றின் விவரம் அச்சிட்ட ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வருவதே சரி.

எண்களோடு உட்காரும்போது

மதுத் தரவை வரைபடமாகப் போட்டால் ஒழுங்கான மணி வடிவம் வராது. நிறையப் பேர் பூச்சியம், கொஞ்சம் பேர் சிறிதளவு, வலது பக்கம் நீண்ட வால். அமெரிக்காவில் அதிகம் குடிக்கும் பத்து சதவீதம் பேரே மொத்தத்தில் பாதிக்கு மேல் குடிக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட தரவில் ‘சராசரி மனிதர்’ என்று ஒருவர் இல்லை. குடிக்கிறாரா என்பதை ஒரு கட்டமாகவும், குடித்தால் எவ்வளவு என்பதை இன்னொரு கட்டமாகவும் பகுத்துப் பாருங்கள்.

பூச்சியத்திலும் இரண்டு வகை இருக்கிறது. என்றுமே குடிக்காதவர் வேறு, குடித்து நிறுத்தியவர் வேறு. பின்னவர் உடம்பு கெட்டதால் நிறுத்தியவராக இருக்கலாம். இருவரையும் ஒரே பெட்டியில் போட்டால் குடிக்காதவர்கள் நோயாளிகளாகவும், அளவாகக் குடிப்பவர்கள் ஆரோக்கியசாலிகளாகவும் தெரிவார்கள். 1988-ல் ஷேப்பரும் சகாக்களும் பிரிட்டிஷ் ஆண்களின் தரவை வைத்து இந்தச் சந்தேகத்தை எழுப்பினார்கள். ‘அளவான குடி இதயத்துக்கு நல்லது’ என்ற கூற்று இன்றுவரை ஆட்டம் காண இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே வினாத்தாளில் “எப்போதாவது குடித்ததுண்டா?” என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பிறகு சேர்க்க முடியாது.

வருமானத்தையும் கேளுங்கள். ஏழைகள் பணக்காரர்களைவிட அதிகமாகக் குடிக்காத இடங்களில்கூட, மதுவால் சாவது அவர்களில்தான் அதிகம். பின்லாந்து 2004 மார்ச்சில் மதுவரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மதுவால் வரும் இறப்புகள் கூடின; வசதி குறைந்தவர்களிடம் அந்த ஏற்றம் செங்குத்தாக இருந்தது.

இந்த பின்லாந்துக் கதையில் புதியவருக்கு இன்னொரு வழியும் தெரியும். யாரையும் நேர்காணல் செய்யாமலே, ஒரு சட்டம் மாறிய தேதியை வைத்து முன்னும் பின்னும் பார்க்கலாம். ஸ்காட்லாந்து 2018 மே 1 முதல் ஒரு யூனிட்டுக்கு 50 பென்சுக்குக் கீழே மது விற்கக் கூடாது என்றது. பக்கத்திலுள்ள இங்கிலாந்தில் அந்தச் சட்டம் இல்லை என்பதால் ஒப்பிட வசதியாகப் போனது. 2023-ல் வந்த மதிப்பீடு, முழுக்க மதுவால் வரும் இறப்புகள் சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 13.4 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. விற்பனை, விபத்து, மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றின் மாதவாரிக் கணக்கு உங்களுக்குக் கிடைக்கும் என்றால் இந்த வழியை யோசியுங்கள். விற்பனைக் கணக்கில் வராத மதுவும் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; உலக அளவில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

கூட்டாளிகளும் பணமும்

தனியாக முட்டி மோதாதீர்கள். பின்லாந்துச் சமூகவியலாளர் கெட்டில் புரூன் பெயரில் இயங்கும் ஆய்வாளர் சங்கம் ஆண்டுதோறும் கூடுகிறது. அங்கே கட்டுரைகளை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து விவாதிக்கும் பழக்கம் உண்டு. புதியவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், அளவான குடி இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. அதற்கு மதுத் தொழில் நிறுவனங்களிடம் அதிகாரிகளே பணம் திரட்டியது வெளியே வந்ததும் 2018 ஜூனில் அதை நிறுத்திவிட்டது. பணம் கொடுத்தவர் முடிவை மாற்றச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பதைத் தீர்மானித்தாலே போதும். மதுவிலக்கை வலியுறுத்தும் அமைப்புகளின் பணத்துக்கும் இதே கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரியைத் தேடுங்கள்: எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தாலும் முடிவுகளை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறது? அந்த வரி இல்லையென்றால் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு பணம் தேடுங்கள்.